கடுகளவு வறட்சி

மெர்லின் சிரித்தால் செண்பகவல்லிக்குக் காதோரம் சூடேறும். இன்று நேற்றல்ல, எட்டு வருஷமாக இப்படித்தான். பூமியில் இருந்தாலாவது எழுந்து வேறு அறைக்குப் போய்விடலாம். நானூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் 'நெய்தல்' நிலையத்தில் எங்கே போவது? ஏழு பேர், ஐந்து அறை. ஒருத்தி சிரித்தால் எல்லாச் சுவரும் சேர்ந்து சிரிக்கும்.

அன்றைக்கு மெர்லின் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. 'பொருநை' கப்பலுக்கு வெப்பப் பொறியாளராக அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கீழேயிருந்து செய்தி வந்திருந்தது. நெய்தலிலிருந்தே கிளம்பிப் பதினெட்டுப் பேரைச் செவ்வாய்க்குக் கொண்டுபோகிற கப்பல். அந்த இடத்துக்குச் செண்பகவல்லியும் ஆசைப்பட்டாள். இதயத் துடிப்பில் ஏதோ கோளாறு, நெடும்பயணத்துக்கு ஆகாது என்று மருத்துவர்கள் கழித்துவிட்டார்கள்.

"நீயும் வந்திருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும்ட்டி!" என்று மெர்லின் ஓடிவந்து, அதாவது மிதந்துவந்து, கட்டிக்கொண்டாள். எடையில்லாத இடமாதலால் இரண்டு பேரும் கட்டிக்கொண்டபடியே ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"எனக்கென்னட்டி, சந்தோசந்தான்," என்றாள் செண்பகவல்லி.

சந்தோஷமாவது, மண்ணாங்கட்டியாவது! பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை, ஒரே தட்டில் பரோட்டா. கோவில்பட்டிக்காரி செண்பகவல்லி முதல் மதிப்பெண் வாங்குவாள். நாசரேத்துக்காரி மெர்லின் கிருபா எல்லோருடைய அன்பையும் வாங்குவாள். அப்போதெல்லாம் அது உறுத்தவில்லை. உறுத்தத் தொடங்கியது இந்தக் குழாயால்தான்.

விண்வெளிக் கலங்களைக் குளிர்விக்கும் கண்ணாடிக் குழாயைச் செண்பகவல்லி வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தாள். உள்சுவரில் மயிரிழை மயிரிழையாக வாய்க்கால் வெட்டிய குழாய். அதற்குள் ஓடுகிற திரவம்தான் கைகொடுக்கவில்லை. மெர்லின் வந்தாள். தண்ணீரில் கொஞ்சம் ஆல்கஹால் கலந்தாள். வேலை செய்துவிட்டது. அவ்வளவுதான்! உலகமே அதற்கு 'மெர்லின் குழாய்' என்று பேர் வைத்துவிட்டது. தண்ணீருக்கு அவள் பெயரை வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். குழாய்க்குமா?

அந்தக் குழாய்களில் ஒன்றைத்தான் செண்பகவல்லி இப்போது தினமும் வெப்பக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலையத்தின் வெப்பப் பிரிவு அவள் பொறுப்பு, பார்ப்பது அவள் வேலை. குறை கிடைக்காதா என்று பார்ப்பது அவள் சொந்த விருப்பம். ஒருநாள் கிடைத்தேவிட்டது.

அவள் நேராகக் காதர் மீரானிடம் போனாள். மீரான் நிலையத்தின் தலைவர். காயல்பட்டினத்துக்காரர், விமானப்படையில் இருந்தவர். பதவிப்படி கமாண்டர், தெற்கத்திக்காரர்கள் கூடிவிட்ட நிலையத்தில் எல்லோருக்கும் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ஒரு விசயம்."

"மெர்லின் தண்ணியப் பத்தியா?" அவர் திரும்பக்கூட இல்லை.

"எப்படித் தெரியும்?"

"போன மாசம் தண்ணி வாடை அடிக்குன்ன. அதுக்கு முந்தி லேபிள் கோணலா ஒட்டிருக்குன்ன. அதுக்கும் முந்தி என்னம்மா அது?"

அதற்கும் முந்தி, நிறம் மாறுகிறது என்று சொல்லியிருந்தாள். மாறவில்லை.

"இது வேற அண்ணாச்சி. காயுது. குழாயோட சூடான முனையில கடுகளவு இடம் காஞ்சு, திரும்ப நனையுது. முதல்ல கண்ணைச் சிமிட்டுத நேரந்தான் காஞ்சுச்சு. இப்போ நேரம் கூடிக்கிட்டே போவுது."

மீரான் இப்போது திரும்பினார். "எனக்குப் புரியுத மாதிரி சொல்லு. நான் வண்டி ஓட்டுதவன்."

"வீட்டுல உலை வெச்சா சூடான தண்ணி மேல வரும், குளுந்தது கீழ போவும். அந்தப் பொரட்டல்ல சூடு பரவும். இங்க மேலயும் கிடையாது, கீழயும் கிடையாது. தண்ணி ஓடணும்னா அதோட மேல்தோல்தான் அதை இழுத்துட்டுப் போவணும். சாதாரணத் தண்ணிக்குச் சூடு பட்டா அந்தத் தோல் தளந்துரும். குளுந்த பக்கம் வெறப்பா இருக்கும். வெறப்பா இருக்கவன்தான இழுப்பான்? தண்ணி பூராம் குளுந்த பக்கம் ஓடிரும். தண்ணி வேண்டிய இடம் காஞ்சு கருகும்."

"இவ தண்ணி?"

"நேர் எதிரு. அந்த ஆல்கஹாலால சூடு பட்ட இடத்துலதான் தோல் வெறைக்கும். எங்க சூடோ அங்க தண்ணி தானா ஓடியாரும். ஆவியாவும், அடுத்த முனையில போய்த் தண்ணியாவும், திரும்ப ஓடியாரும். பம்பும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்."

சொல்லும்போதே அவளுக்கு வயிறு எரிந்தது. அழகான யோசனை. தனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை.

"பெறகு ஏன் காயுது?"

"ஆல்கஹால் தண்ணிய விட வெரசா ஆவியாவும். கொஞ்சங் கொஞ்சமா குளுந்த முனையில போய்த் தங்கிக்கிடுது. சூடான முனையில வெறுந்தண்ணி மிஞ்சுது. மாசக்கணக்குல ஓடுனா சுத்தமாக் காஞ்சிரும். பொருநையில மின்கல அறைக்கு இதுதான் குளிர்ச்சி. நடுவழியில காஞ்சா அறையே பத்திக்கும். தப்பிச்சு எங்க போவாங்க?"

மீரான் படத்தை நெடுநேரம் பார்த்தார். "எனக்குப் புள்ளியே தெரியலயே செண்பகம்."

"உத்துப் பாருங்க."

"உத்துத்தான் பாக்கேன்." பிறகு, புண்படுத்தக் கூடாதே என்ற கவனத்தோடு கேட்டார்: "அவளுக்குக் கப்பல் கிடைச்ச சேதி வந்த பெறகுதான இது ஒனக்குத் தெரியுது?"

செண்பகவல்லி படத்தை அணைத்தாள். உண்மைதான். சேதி வந்த மறுவாரம்தான் தெரிந்தது.

மெர்லினைக் கூப்பிட்டார்கள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் செண்பகவல்லிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "சந்தேகம்னா சோதிச்சுப் பாத்துருவோம் அண்ணாச்சி. ஒரு உலோகப் பாத்திரத்துல என் தண்ணிய மட்டும் ஊத்தி ஓட்டிப் பாக்கேன்," என்றாள். பார்த்தாள். சில வாரம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது, "ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் ஓடுது," என்றாள். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். விட்டுவிட்டுச் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஆனால் புள்ளி மறையவில்லை. அவள் மட்டும் தினமும் பார்த்தாள். நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்சம் கூட. அதைவிடக் கொடுமை என்னவென்றால், அவளே அவளை நம்பவில்லை. பார்ப்பது கண்ணா, வயிற்றெரிச்சலா? தோழி தோற்க வேண்டும் என்று எட்டு வருஷமாக வேண்டிக்கொண்டவளுக்குத் தோழியின் தோல்வி கண்ணில் படாமல் எப்படி இருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு, எண்களை மட்டும் கணினியை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எண்களும் அதையே சொல்லின. சரி, எண்களைப் பொறுக்கி எடுத்ததும் நான்தானே என்று அதற்கும் ஒரு சந்தேகம். அரண்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இடையில் கற்பனை வேறு. பொருநை நடுவழியில் எரிகிறது. தகவல் வருகிறது. எல்லோரும் அழுதுகொண்டே அவளிடம் வந்து, நீ சொன்னதுதான் சரி என்கிறார்கள். அந்தக் கற்பனையில் ஒரு கணம், ஒரே கணம், அவளுக்கு இனித்தது. இனித்ததை அவள் கண்டுகொண்டாள். அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எடையில்லாத இடத்தில் கண்ணீர் கன்னத்தில் வழியாது. கண்ணிலேயே உருண்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

வெளியே வந்தபோது முடிவு செய்திருந்தாள்.

மறுநாள் கீழேயுள்ள குழுவோடு கூட்டம். திரையில் திட்டத் தலைவர் டாக்டர் தில்லைநாயகம். வழக்கமான கேள்விகள் முடிந்து, "வேற ஏதாவது?" என்று கேட்டார்.

"ஒண்ணு சொல்லணும் சார். குழாய்ல கோளாறு இருக்கு. மெர்லின் தண்ணியில இல்ல. என் குழாய்ல. நான் செஞ்சதுல தப்பு நடந்திருக்கு. தெரிஞ்சே சொல்லாம இருந்துட்டேன். அதை மறைக்கத்தான் அவ தண்ணி மேல பழி போட்டேன்."

ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை பாருங்கள்! புள்ளி எங்கே, படம் எங்கே, எண் எங்கே, ஒன்றும் கேட்கவில்லை. உண்மையை நாலு மாதமாகக் கரடியாய்க் கத்தினாள், காதில் விழவில்லை. ஒரு பொய்யைச் சொன்னாள், உடனே நம்பிவிட்டார்கள். பொறாமைக்காரி தன்னையே குற்றம் சொல்கிறாள் என்றால் பொய்யாகவா இருக்கும்?

கப்பலின் புறப்பாடு நிறுத்தப்பட்டது. பொருத்திய குழாய்களையெல்லாம் கழற்றி, அறுத்துப் பார்க்கக் கீழே அனுப்பினார்கள். குழாயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அடுத்துத் தண்ணீரைத்தானே சோதிப்பார்கள், அதுதான் செண்பகவல்லியின் கணக்கு. மாற்று ஆள் வந்ததும் செண்பகவல்லி ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றும் பேச்சு அடிபட்டது.

கூட்டத்தில் வாய் திறக்காமலிருந்த மெர்லின், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனுசங்கன்னா தப்பு வரத்தான் செய்யும். எனக்கு இவ மேல ஒரு வருத்தமும் இல்ல," என்றாள். மீரான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன பெரிய மனசு இந்தப் பெண்ணுக்கு!

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அவமானத்தில் குனிந்தாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் குனிந்தது சிரிப்பை மறைக்க. மன்னிக்கிறாளாம்! நான் போட்ட பிச்சையில் உயிரோடு இருக்கப்போகிறவள், என்னை மன்னிக்கிறாளாம்! எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் மெர்லினை மேலேயிருந்து பார்த்தாள். யாருக்கும் தெரியாத உயரம். தெரியாததால் இன்னும் உயரம். அடுத்த சில வாரம் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். மெர்லின் சிரித்தால்கூடக் காது சுடவில்லை.

பிறகு தில்லைநாயகம் திரையில் வந்தார்.

"அம்மா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. கோளாறு குழாய்லதான்."

செண்பகவல்லிக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. "என்ன சார்?"

"உள்சுவர்ல சோப்பு மாதிரி ஒரு படலம். மெதுவாக் கரைஞ்சு தண்ணி மேல படியுது. படிஞ்சா மேற்பரப்போட இழுப்பு செத்துப்போகுது, தண்ணி சூடான முனைக்கு ஓட மாட்டேங்குது. பூமியில சோதிச்சப்ப எடையே தண்ணியக் கொண்டுவந்து சேர்த்துட்டதால யாருக்கும் தெரியல. அந்தப் படலம் என்னன்னு கண்டுபிடிக்கத்தான் நேரமாச்சு. பூந்திக்கொட்டை. அது எப்படிம்மா உள்ள போச்சு?"

எப்படிப் போகும்? அவள்தான் போட்டாள். தொழிற்கூடத்தில் விதிப்படி குழாயை மூன்று விதமான திரவத்தில் கழுவுவார்கள். மெர்லின் திட்டத்தில் சேர்ந்த பிறகு செண்பகவல்லிக்கு அது போதவில்லை. என் குழாயில் ஒரு தூசு இருந்தது என்று அவள் வாயால் வந்துவிடக் கூடாது! வீட்டில் அம்மா தங்க நகையையும் பட்டுச்சேலையையும் எதில் அலசுவாளோ, அதிலேயே, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில், ஒவ்வொரு குழாயையும் தன் கையால் கடைசியாக ஒருமுறை அலசிவிடுவாள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுவாள். கண்ணாடி அப்படி மின்னும். வாய்க்காலுக்குள் ஒட்டியது போகவில்லை. பொறாமையால் அதிகப்படியாகச் செய்த அந்த ஒரு கழுவல்தான் குழாயைக் கெடுத்திருக்கிறது.

"நீங்களா முன்வந்து சொல்லலைன்னா பதினெட்டுப் பேர் போயிருப்பாங்க," என்றார் தில்லைநாயகம். "உங்க நேர்மையைப் பாராட்டி உங்களை அந்தப் பதவியிலேயே வெச்சிருக்கணும்னு குழு முடிவு பண்ணியிருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். பூமியைப் போல அங்கே கால் வைக்கத் தரையிருந்திருந்தால் செண்பகவல்லி அதைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருப்பாள். ரகசியமாக ஏறி நின்ற உயரம் அப்படியே சரிந்தது. தியாகம் என்று நினைத்தது வெறும் வாக்குமூலம். அதுவும் தெரியாமல் கொடுத்த வாக்குமூலம்.

புதுக் குழாய்கள் விதிப்படி மட்டும் கழுவப்பட்டு வந்துசேர்ந்தன. கப்பலில் பொருத்தினார்கள். புறப்படும் நாளன்று காலை மெர்லின் தன் சாமான்களைப் பையில் கட்டிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி வந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும்ட்டி. அன்னைக்குக் கூட்டத்துல நான் பொய் சொன்னேன். உன் தண்ணிதான் கோளாறுன்னு நெனச்சேன். நான் சொன்னா ஒருத்தரும் நம்பலன்னு பழிய எம்மேல போட்டுக்கிட்டேன். அது உண்மையாப் போச்சு."

மெர்லின் ஆச்சரியப்படவில்லை. பையின் வாரை இழுத்துக் கட்டியபடியே, "தெரியும்ட்டி," என்றாள். "உன் குழாயில குத்தம்னு ஒன் வாயில வருமா? அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா வாயத் தெறக்கல?"

வார் கையிலிருந்து நழுவி மிதந்தது. மெர்லின் அதைப் பிடிக்கவில்லை. "நானும் என் தண்ணிதான்னு நெனச்சேன்."

"நீதான் சோதிச்சுப் பாத்தியே!"

"பாதியில நிறுத்திட்டேன். மாசக்கணக்குல ஓட விட்டா எங்க காஞ்சிருமோன்னு பயம். காயுததுக்கு முந்தியே நிறுத்திட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். நீ பழிய ஏத்துக்கிட்டப்ப..." அவள் முகம் கோணியது. "அப்பாடான்னு இருந்துச்சுட்டி. எல்லார் முன்னாடியும் ஒன்ன மன்னிச்சேன் பாரு. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல."

"நான் பழிய ஏத்துக்கலன்னா ஏறியிருப்பியா அந்தக் கப்பல்ல?"

மெர்லின் மிதந்த வாரைப் பிடித்து விரலில் சுற்றினாள். "ஏறியிருப்பேன்னுதான் நெனைக்கேன். இம்புட்டுப் பேரு வாங்கிட்டு அது போயிருமேங்குத பயம் உயிர்ப்பயத்த விடப் பெருசுட்டி."

"மத்தவங்க?"

மெர்லின் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். எட்டு வருஷமாகச் செண்பகவல்லி அண்ணாந்து பார்த்த முகம் அது. இப்போது பார்த்தால் அதில் பொறாமைப்பட ஒன்றுமே இல்லை. தன் முகத்தைப் போலவே இருந்தது.

"அந்தச் சோதனைய இப்போ முழுசா ஓட்டு," என்றாள்.

"இப்போ எதுக்கு? பூந்திக்கொட்டைதான்னு தெரிஞ்சிட்டே!"

"பூந்திக்கொட்டையும் உண்டு. உன் தண்ணி தனியாக் காயுமா காயாதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"இப்போ போய் ஓட்டணும்னா ஏன்னு கேப்பாங்க. முந்தி ஓட்டலியான்னு கேப்பாங்க." மெர்லின் அவள் கையைப் பிடித்தாள். "என்னால முடியாதுட்டி."

செண்பகவல்லி கையை விடுவித்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள்.

பதினேழு பேர் கப்பலுக்குள் இருக்கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெர்லின் மட்டும் கட்டுப்பாட்டு அறையின் வாசலில் மிதந்தாள். திரையில் தில்லைநாயகம். மீரான் ஒவ்வொரு பிரிவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். யாராவது ஒரு பிரிவு மறுத்தாலும் கப்பல் நகராது, அதுதான் விதி.

"மின்சாரம்?"

"சரி."

"காற்று?"

"சரி."

"வெப்பம்?"

செண்பகவல்லி மூச்சை இழுத்தாள். "சரியில்ல. மெர்லின் தண்ணிய நீண்ட நாள் ஓட்டிச் சோதிக்கணும். அது முடியுத வரைக்கும் கப்பல் நிக்கட்டும்."

யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஆரம்பிச்சிட்டா," என்று ஒரு குரல் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. மீரான், "செண்பகம், வேண்டாம்மா," என்று கெஞ்சினார்.

தில்லைநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது. "அதை மெர்லின் அப்பவே சோதிச்சாச்சே! எத்தனை தடவை? உங்க நேர்மையைப் பாராட்டி வாய் மூடலை, அதுக்குள்ள அந்தப் பொண்ணு மேல மறுபடியும் ஆரம்பிக்கிறீங்க. உங்களுக்கு அவங்க மேல என்னதாம்மா?"

ஒரே வாக்கியம் போதும். மெர்லின் சோதனையைப் பாதியில் நிறுத்தினாள் என்று சொல்லிவிட்டால் போதும். எட்டு வருஷமாக ஏங்கியது கையருகே வந்து நின்றது. வாசலில் மெர்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"வயித்தெரிச்சல்னே வெச்சுக்கிடுங்க சார்," என்றாள் செண்பகவல்லி. "ஆனா நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

கப்பல் நின்றது. சோதனை மாதக்கணக்கில் ஓடியது. காத்திருந்தவர்கள் அவளை ஏசாத ஏச்சில்லை. மெர்லினும் அவளும் முறை வைத்துக்கொண்டு கேமராவின் முன்னால் உட்கார்ந்தார்கள். தண்ணீர் காயவில்லை. கடைசி நாள் வரைக்கும் சூடான முனையைத் தேடி ஓடிவந்துகொண்டே இருந்தது. மெர்லின் திரையைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். அதன் பிறகுதான் பொருநை கிளம்பியது. செண்பகவல்லி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, அது புள்ளியாகிற வரைக்கும் பார்த்தாள். பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. அவள் போக ஆசைப்பட்ட கப்பலல்லவா?

நெய்தலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கதையை இப்போதும் சொல்கிறார்கள். சோதனையில் ஒன்றுமே இல்லையாம், கூட்டாளி மேலுள்ள பொறாமையில் ஒருத்தி செவ்வாய்க் கப்பலையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தாளாம். போன மாதம் வந்த இளம் பொறியாளர் ஒருவன் பயந்து பயந்து அவளிடமே கேட்டுவிட்டான்.

"மேடம், அது நெசமா?"

செண்பகவல்லி குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா," என்றாள்.